தாய்மாமன் வராத சடங்கு

நீங்கள் பொய் சொன்னீர்கள். எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில், வாசிகசாலைப் பரிசளிப்புக்கு வந்திருந்த தாய்மாரையும் பிள்ளைகளையும் முன்னால் வைத்துக்கொண்டு, மைக்கைப் பிடித்துப் பொய் சொன்னீர்கள். நீங்கள் பிரதேச சபை உறுப்பினர். நான் நெல் வெட்டு மெஷின் ஓட்டுகிறவன். அன்று கதவடியில் நின்றுகொண்டிருந்தேன். நீங்கள் சொன்னது சொல்லுக்குச் சொல் ஞாபகம் இருக்கிறது.

"எங்கட பக்கத்திலயும் துவங்கிட்டுது. ஒரு பெட்டைப் பிள்ளைக்குக் குளிசை குடுத்துப் பெடியனாக்கிறாங்கள். வெளிநாட்டிலயே உதுக்குச் சட்டம் போட்டு மறிக்கிறாங்கள். இஞ்சையும் வேணும். பதினெட்டு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை இப்பிடிக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போறவையையும், பாக்கிற டொக்டரையும் உள்ள போடவேணும்."

கைதட்டினார்கள். எல்லோரும் இல்லை, ஆனால் நிறையப் பேர். நீங்கள் பேர் சொல்லவில்லை, ஆனால் எந்தப் பிள்ளை என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும். என் அக்காவின் பிள்ளை. பெண்குழந்தை என்று பதியப்பட்ட பிள்ளை. இன்று பதினாறு வயது. நான் மருமகன் என்றுதான் சொல்வேன், அப்படித்தான் எழுதுவேன். பிடிக்காதவர்கள் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திக்கொள்ளலாம்.

அந்தப் பிள்ளைக்கு ஒரு டொக்டரும் ஒரு குளிசை மருந்தும் கொடுக்கவில்லை. நீங்கள் யாரிடமும் கேட்கவுமில்லை.

இதில் ஒருவருடைய பேரும் இல்லை. அது மருமகன் போட்ட நிபந்தனை. "எழுதுங்கோ மாமா. ஆனா பேர் போடாதேங்கோ. என்ரையும் வேண்டாம், அந்த மெம்பரின்ரையும் வேண்டாம்" என்றான். உங்களைத் திட்டத்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகு பார்த்தால் நன்றி சொல்லவேண்டியவர்கள்தான் ஒருவர் பின் ஒருவராக ஞாபகத்துக்கு வருகிறார்கள். எனக்கு நன்றி சொல்லிப் பழக்கம் இல்லை. வீட்டில் தேத்தண்ணி தந்தாலும் வாங்கிக் குடித்துவிட்டுப் போகிறவன். ஆனபடியால் முன்பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

சாமத்திய வீட்டிலிருந்து தொடங்குகிறேன். நீங்களும் அங்கே இருந்தீர்கள்.

பிள்ளைக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பெரியபிள்ளை ஆனால் அதற்குச் செய்கிற சடங்கு கலியாணத்துக்குச் சமம். மண்டபம், வீடியோ, கிளிநொச்சியிலிருந்து மேக்கப் செய்கிற அக்கா, வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர். அத்தான், பிள்ளையின் தகப்பன், கட்டாரில் வேலை. அவர் போனிலேயே எல்லாம் பார்த்துப் பார்த்துச் சொன்னார். மேடைக்கு ஊஞ்சல் வேண்டும் என்றார், பிள்ளையைப் பல்லக்கில் தூக்கிக்கொண்டு வரவேண்டும் என்றார்.

இவ்வளவுக்கும் சடங்கு தொடங்குவதற்கு ஒரு ஆள் வேண்டும். தாய்மாமன். அவன் தேங்காய் உடைத்து, பிள்ளையின் தலையில் பாலும் அறுகும் வைத்து, முதல் தண்ணீரை வார்க்கவேண்டும். அவன் கை படாமல் பிள்ளையைக் குளிப்பாட்ட முடியாது. குளிப்பாட்டாமல் சேலை உடுத்த முடியாது. சேலை உடுத்தாமல் பல்லக்கில் ஏற்ற முடியாது. அக்காவுக்குக் கூடப்பிறந்தவன் நான் ஒருவன்தான்.

முதல்நாள் பின்னேரம் அக்கா வீட்டு வளவில் பந்தலுக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தேன். பிள்ளையை அறைக்குள் இருத்தியிருந்தார்கள். தண்ணீர் வார்க்கும்வரை ஆம்பிளைகள் முகத்தில் முழிக்கக்கூடாது, தாய்மாமனும் பார்க்கக்கூடாது. அறை யன்னல் சாத்தியிருந்தது. அதற்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"மாமா."

"என்ன?"

"நீங்கள் வராட்டில் சடங்கு செய்யேலாதாம். உண்மையோ?"

"ஓம். அதுக்கென்ன?"

"அப்ப நீங்கள் வராதேங்கோ."

நான் சிரித்தேன். சின்னப் பிள்ளை, வெட்கத்தில் சொல்கிறது என்று நினைத்தேன். அடுத்த கம்பைக் குழிக்குள் இறக்கும்போது மறுபடியும் குரல்.

"மாமா, நான் பெட்டை இல்லை. எனக்கு முதலே தெரியும். எனக்குச் சீலை உடுத்திப் படம் எடுத்தால் அந்தப் படம் சுவரில இருக்கும். நான் சாகுமட்டும் இருக்கும். ஏலாது மாமா."

"இதை ஏன் என்னட்டச் சொல்லுறாய்? கொம்மாட்டச் சொல்லன்."

"நீங்கள் கோவக்காரன். நீங்கள் ஒண்டைச் செய்தால் ஏனெண்டு கேக்க எல்லாருக்கும் பயம்."

அவ்வளவுதான். அழவில்லை, கெஞ்சவில்லை. கணக்குப் பார்த்துச் சொன்னது போலச் சொன்னான். நான் கம்பை நட்டு முடித்துவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் ஒரு பிள்ளை யன்னலுக்குப் பின்னால் இருந்து 'ஏலாது' என்று சொன்னால் அதற்கு மேல் எனக்கு என்ன விளங்கவேண்டும்?

விடிய மெஷினை எடுத்துக்கொண்டு புளியங்குளம் போய்விட்டேன். போனை நிறுத்திவிட்டுச் சந்தியில் ஒரு தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து வடை சாப்பிட்டேன். வெட்ட வயல் ஒன்றும் இல்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். புது வேட்டி சட்டையோடு மெஷினில் வந்து இறங்கியவனைக் கடைக்காரர் ஒரு மாதிரிப் பார்த்தார்.

மண்டபத்தில் நடந்ததைப் பிறகு கேட்டுத்தான் அறிந்தேன். நேரம் போகப் போக அக்காவின் ஒன்றுவிட்ட தம்பி ஒருவனை இழுத்துக்கொண்டு வந்தார்களாம். "இவனும் மாமன்தானே, இவன் வார்க்கட்டும்" என்றார்களாம். வீடியோக்காரனும் சரி என்றானாம். அத்தானும் போனில் சரி என்றாராம். அக்கா மட்டும் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.

"என்ரை தம்பி உயிரோட இருக்கேக்க இன்னொருத்தன் என்ரை பிள்ளையின்ரை தலையில கை வைக்கேலாது. சடங்கு நிண்டால் நிக்கட்டும்."

அவருக்கு அப்போது பிள்ளையின் மனம் தெரியாது. முறை தவறக்கூடாது என்ற வீம்புதான். அந்த வீம்புக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன். அவர் விட்டுக்கொடுத்திருந்தால் நான் புளியங்குளத்தில் தின்ற வடைக்கு ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது.

இரண்டாவது நன்றி சமையல்கார அம்மாவுக்கு. எங்கள் பக்கத்துக் கொண்டாட்டங்களுக்கெல்லாம் அவர்தான் சமையல். சடங்கு நின்று, சனம் எழும்பிப் போவதா இருப்பதா என்று தெரியாமல் முழித்தபோது, அவர் அகப்பையோடு மண்டபத்துக்குள் வந்து சத்தம் போட்டிருக்கிறார்.

"தண்ணி வாக்காட்டில் சோறு வேகாதோ? சமைச்சாச்சு. எல்லாரும் இருங்கோ. சாப்பிட்டுட்டுப் போய் ஆறுதலா வம்பளவுங்கோ."

எல்லோரும் இருந்து சாப்பிட்டார்கள். நீங்களும் சாப்பிட்டீர்கள். வீட்டுக்குப் பார்சலும் கட்டிக்கொண்டு போனீர்கள் என்று சமையல்கார அம்மா சொன்னார். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்தச் சாப்பாடு யாருக்காகச் சமைத்தது என்பதை ஞாபகப்படுத்துகிறேன்.

மறுநாள் அக்கா என் வீட்டுக்கு வந்தார்.

"நீ எங்கயாவது அடிபட்டுச் செத்துப்போனியோ எண்டு ஆஸ்பத்திரியெல்லாம் கேட்டனடா!"

"இல்லை. புளியங்குளத்தில வடை சாப்பிட்டனான்."

என் ஹெல்மெற் முற்றத்துக்குப் பறந்தது. அதன் கண்ணாடி இன்னும் உடைந்தபடிதான் இருக்கிறது. "பிள்ளையைக் கேள். என்னைக் கேளாதை" என்று மட்டும் சொன்னேன். கேட்டார். கேட்ட பிறகு என்னோடு கதைப்பதை நிறுத்தினார். நெல் விதைத்து, வளர்ந்து, வெட்டுக்கு வருமட்டும் கதைக்கவில்லை. தன் வயலையும் வேறு மெஷின் வைத்து வெட்டினார். அதுதான் எனக்குக் கூடுதலாகச் சுட்டது.

பிறகு ஒருநாள் இரணைமடுப் பக்கம் வயலில் நான் மெஷினோடு நிற்க, வரம்பால் நடந்து வந்தார்.

"தம்பி, உந்த மெஷினை நிப்பாட்டு. பிள்ளை பள்ளிக்கூடம் போகுதில்லை. சாப்பிடுகுதில்லை. என்னோட ஆஸ்பத்திரிக்கு வா."

என்னைத் திட்டவில்லை, மன்னிக்கவுமில்லை. வா என்றார். நான் மெஷினை வயல்காரரிடம் விட்டுவிட்டுச் சேற்றுக்காலோடு போனேன்.

வவுனியாவில் அந்த டொக்டரைப் பார்த்தோம். சிங்களப் பெண். தமிழ் படித்து வந்தவர். புத்தகத்தில் இருப்பது போல நிறுத்தி நிறுத்திக் கதைப்பார். எங்களைப் பார்க்கவில்லை, முதலில் பிள்ளையைப் பார்த்தார்.

"நான் உங்களை எப்படிக் கூப்பிட்டால் உங்களுக்கு நல்லது?"

பிள்ளை வாயைத் திறந்து ஒரு பேர் சொன்னான். நானும் அக்காவும் அதுவரை கேட்டிராத பேர். அவனே தனக்கு வைத்து, ஒருவருக்கும் சொல்லாமல் வைத்திருந்த பேர். டொக்டர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். "நான் சரியாகச் சொல்கிறேனா?" என்று கேட்டார். அவன் சிரித்தான். எவ்வளவோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவன் சிரித்ததைப் பார்த்தேன்.

எனக்குப் பொறுமை இல்லை. "டொக்டர், என்ன செய்யிறதெண்டாலும் கெதியாச் செய்யுங்கோ. ஊசியோ குளிசையோ, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஒண்டைக் குடுத்து முடியுங்கோ" என்றேன்.

"ஐயா என்ன வேலை செய்கிறீர்கள்?"

"வெட்டு மெஷின் ஓடுறன்."

"இவர் மெஷின் இல்லை, ஐயா. பெல்ற் மாற்றி அனுப்ப முடியாது."

அக்கா பல நாளைக்குப் பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

டொக்டர் அன்று சொன்னதையே பிறகும் சொன்னார். இப்போது மருந்து இல்லை. மாதத்தில் ஒருமுறை பிள்ளை வரவேண்டும், கதைக்கவேண்டும். சாப்பாடு, நித்திரை, பள்ளிக்கூடம், மனதில் இருப்பது. மருந்து வேண்டுமா என்பது வளர்ந்த பிறகு, வேறு டொக்டர்மாரும் பார்த்து, பிள்ளையும் தாயும் எல்லாம் விளங்கிக்கொண்ட பிறகு யோசிக்கிற விஷயம். வேண்டாம் என்று பிள்ளை முடிவெடுத்தாலும் அது பிழை இல்லை. இவ்வளவும்தான். நீங்கள் மறிக்கச் சொன்ன வைத்தியம் இதுதான். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பிள்ளையோடு கதைப்பது.

அப்படிக் கதைத்ததால் பிள்ளை சாப்பிட்டான். பள்ளிக்கூடம் போனான். அதிபர் அம்மா, பெண்பிள்ளைகளின் சீருடைக்குப் பதிலாக விளையாட்டு உடுப்போடு வரலாம் என்று விட்டார். காரணம் கேட்ட ஆசிரியருக்கு "எனக்குப் பிள்ளை வகுப்பில இருக்கவேணும். உடுப்பைப் பேந்து பாப்பம்" என்றாராம். அவருக்கும் நன்றி.

மல்லாவியில் ஒரு தையற்கடை இருக்கிறது. முஸ்லிம் மனிதர், இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து மறுபடி மெஷின் போட்டவர். பிள்ளைக்குச் சேட் தைக்கக் கூட்டிக்கொண்டு போனேன். ஏதாவது சொல்லட்டும், கடையைப் பிரிக்கிறேன் என்று தயாராக நின்றேன். அவர் நாடாவை எடுத்தார்.

"தம்பி, கையை நீட்டுங்கோ. பொக்கற் ஒண்டோ ரெண்டோ?"

"ரெண்டு" என்றான் மருமகன்.

என் கண்முன்னால் அவனைத் தம்பி என்று கூப்பிட்ட முதல் வெளி மனிதர் அவர். சேட் எடுக்கப் போனபோது கேட்டேன், உங்களுக்கு ஒன்றும் கேட்கத் தோன்றவில்லையா என்று. "போடப்போறவர் அவர். அவருக்குப் பிடிச்ச மாதிரித்தானே தைக்கவேணும்? நீங்க என்னத்துக்கு முழிசிக்கொண்டு நிண்டீங்க? நான் பயந்திட்டன்" என்றார். இருவரும் சிரித்தோம்.

அத்தான் இன்றைக்கும் இந்தக் கதையை எடுப்பதில்லை. ஆனால் கடைசியாக லீவில் வந்தபோது பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தது ஆம்பிளைப் பிள்ளை போடுகிற சப்பாத்து. அளவும் சரியாக இருந்தது. அவன் அதைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் நடந்தான். அதற்கும் நன்றி.

இனி உங்கள் பரிசளிப்பு நாளுக்கு வருகிறேன்.

வாசிகசாலை நடத்திய கரம்போட் போட்டியில் மருமகன் முதலாமிடம். நீங்கள் பேசி முடித்துக் கைதட்டல் ஓய்ந்தவுடன் அவனுடைய பழைய பேரைக் கூப்பிட்டார்கள். பதிவில் இருக்கிற பேர் அதுதான். அவன் எழும்பமாட்டான் என்று நினைத்தேன். எழும்பினான். நீளக் காற்சட்டையும் இரண்டு பொக்கற் சேட்டும் போட்டுக்கொண்டு, அவ்வளவு சனத்துக்கும் நடுவால் நடந்து போய் உங்கள் முன்னால் நின்றான். நீங்கள் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு எங்கேயோ பார்த்தீர்கள். அவன் "நன்றி ஐயா" என்று சொல்லிவிட்டு இறங்கி வந்தான். அப்போது பின்வரிசையில் இருந்து கைதட்டியது சமையல்கார அம்மா. பிறகு அவருக்குப் பக்கத்தில் இருந்த பெண்கள். பிறகு கரம் விளையாடுகிற பெடியன்கள். எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று தெரியாமல் நீங்கள் சிரித்தீர்கள்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அக்கா சொன்னார், இனிக் கிளினிக் வேண்டாம் என்று.

"சட்டம் ஒண்டும் இல்லையக்கா. உது வெறுங்கதை" என்றேன்.

"கதைதான் முதல் வரும். சட்டம் அதுக்குப் பின்னால வரும். என்னை உள்ள போட்டால் இவனை ஆர் பாக்கிறது? டொக்டரை உள்ள போட்டால்?"

அந்த மாதம் போகவில்லை. மருமகன் உயர்தர வகுப்புக்குப் போகிற சைக்கிளைச் சுவரில் சாத்தினான், பிறகு அதை எடுக்கவில்லை. சாப்பாட்டுக் கோப்பையில் கையை வைத்துக்கொண்டு இருந்தான். நான் அந்த இருப்பை முந்தியும் பார்த்திருக்கிறேன். அக்காவும் பார்த்திருக்கிறார்.

மல்லாவித் தேத்தண்ணிக் கடையில் உங்கள் பேச்சுத்தான் கதை. பென்சன் எடுத்த வாத்தியார் ஒருவர் என்னைக் கூப்பிட்டு இருத்தினார். "கோவிக்காதையும். பிள்ளையளுக்கு நாளைக்கு மனம் மாறும். பிறகு திருப்பேலாத ஒண்டைச் செய்துபோட்டால்? அதுதான் எனக்குப் பயம்" என்றார்.

"அந்தப் பயம் டொக்டருக்கும் இருக்கு, மாஸ்டர். அதாலதான் அவ அவசரப்படாமல் கதைச்சுக்கொண்டிருக்கிறா. இவர் மறிக்கச் சொல்லுறது அந்தக் கதையைத்தான்."

அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு யோசித்தார். "கதைக்கிறதை மறிக்கிறது பிழைதான்" என்றார். மிச்சத்தில் அவர் என்னோடு ஒத்துப்போகவில்லை. பரவாயில்லை. சத்தம் போடாமல் கேட்டாரே, அதற்கு நன்றி. நீங்கள் அதைக்கூடச் செய்யவில்லை.

அடுத்த கிளினிக் நாள் காலை நான் அக்கா வீட்டுக்குப் போனபோது அக்கா குசினியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். "நான் வரேல்லைத் தம்பி" என்றார். அப்போது படலையைத் திறந்துகொண்டு சமையல்கார அம்மா வந்தார். நல்ல சேலை, கையில் பை.

"எங்கையம்மா வெளிக்கிட்டிட்டீங்கள்?" என்று அக்கா கேட்டார்.

"கிளினிக்குக்கு. உன்னோட."

"உங்களுக்கு விசரே? உள்ள போடுவினமாம்."

"போடட்டும். உள்ளயும் ஆரோ ஒருத்தி சமைக்கத்தானே வேணும். நீ வெங்காயம் உரி, நான் தாளிக்கிறன். வெளிக்கிடு பிள்ளை, பஸ் போயிடும்."

அக்கா சிரித்துக்கொண்டு அழுதார். பிறகு சேலை மாற்றினார். மருமகன் அதற்கு முதலே சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றான். சமையல்கார அம்மா பையில் எங்கள் நான்கு பேருக்கும் புட்டும் சம்பலும் கட்டி வந்திருந்தார். பஸ்ஸில் சாப்பிட்டோம்.

டொக்டர் அவனைக் கண்டதும் கதிரையை விட்டு எழும்பினார். "போன மாதம் நான் உங்களைத் தேடினேன்" என்றார். அவன் உட்காரவில்லை.

"டொக்டர், சட்டம் வந்தால் நீங்கள் என்னோட கதைக்க மாட்டீங்களோ?"

டொக்டர் மேசையைச் சுற்றி வந்து அவன் முன்னால் நின்றார். "இன்று அப்படி ஒரு சட்டம் இல்லை. இன்று கதைப்போம்" என்றார். கதவைச் சாத்தினார். நாங்கள் மூன்று பேரும் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் குரல் கேட்டது. சொல் விளங்கவில்லை. கதைக்கிறான் என்பது மட்டும் விளங்கியது. மறுநாள் சைக்கிளை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனான்.

நான் இதை எழுதப்போகிறேன் என்று எப்படியோ கேள்விப்பட்டு நீங்கள் ஆள் அனுப்பியிருந்தீர்கள். "தனிய வந்து கதையும், பேசித் தீர்ப்பம்" என்று சொல்லியனுப்பினீர்கள். நான் வரமாட்டேன். என் மருமகனைப் பற்றி நீங்கள் தனியே சொல்லவில்லை, ஊரைக் கூட்டி வைத்துச் சொன்னீர்கள்.

ஆகவே அதே மண்டபத்துக்கு வாருங்கள். எந்த நாள் என்று நீங்களே குறியுங்கள். கதிரை நான் அடுக்குகிறேன். சமையல்கார அம்மா தேத்தண்ணி போடுவார், உங்களுக்கும் தருவார். அக்கா வருவார், வாத்தியாரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மருமகன் முன்வரிசையில் இருப்பான். அவன் டொக்டரிடம் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவேண்டியது டொக்டர் இல்லை, சட்டம் கேட்ட நீங்கள். அந்த மைக்கைப் பிடித்து, அவனைப் பார்த்துச் சொல்லுங்கள்: பதினெட்டு வயது வருமட்டும் அவன் யாரோடு கதைப்பது?